மருந்தும் மனிதரும் – 12: நீர் மாத்திரையும் சாம்பல் சத்தும்

சித்தூரிலிருந்து தெற்கே 35 கிலோமீட்டரில் வேலூரும் வடகிழக்கே 70 கிலோமீட்டரில் திருப்பதியும் இருப்பதால், ஹிருதயமோ சிறுநீரகமோ பழுதுபட்ட ஒருவரை எங்கே கொண்டுபோவது என்ற ஆலோசனை அவ்வூர் வீடுகளில் எழும்போது, ஒரு கட்சி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காகவும், மற்றொரு கட்சி திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்காகவோ, 1986-இல் என்.டி. ராமராவ் அடிக்கல் நாட்டிய ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிக்காகவோ வாதாடுவது வழக்கம். 1911 வரையில் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர். இன்றும் பாதி வாதம் தமிழிலும் பாதி தெலுங்கிலும் நடக்கும். எந்தக் கட்சி ஜெயித்தாலும், கால் வீங்கி மூச்சு வாங்கிப் போனவர் திரும்பிவரும்போது பல சமயங்களில் அவருடைய மருந்துப் பையில் இரண்டு வஸ்துக்கள் சேர்ந்தே வருகின்றன: காலையில் விழுங்கவேண்டிய ‘நீர் மாத்திரை’ ஒன்று, கரிப்பும் கசப்புமான பொட்டாசியம் சிரப்புப் புட்டி ஒன்று. முன்னது எதற்கென்று ஒரு மணி நேரத்துக்குள் நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னது எதற்கென்று பலருக்கு ஆயுள் முழுதும் தெரிவதில்லை. ஏதோ உடம்புக்குத் தெம்பு தரும் டானிக் என்று எண்ணிக் குடித்துவருபவர் அநேகர்.

சென்ற வாரம் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றிச் சொன்னபோது இந்தத் துணை மருந்தின் விஷயத்தைத் தனியே எழுதுவதாக ஒத்திவைத்தேன். பயிருக்கு உழவர் இடும் சாம்பல் சத்து என்பதும் இந்தப் பொட்டாசியமே. நம் சரீரத்தில் இது சுமார் 3,500 மில்லி ஈக்விவலண்ட் அளவுக்கு இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுக்களுக்குள்ளே அடைந்து கிடக்க, வெளியே இரத்தத்திலும் அதைச் சார்ந்த திரவங்களிலும் உலவுவது எழுபதுக்கும் குறைவு. ஆயினும் ஹிருதயம் தாளம் தப்பாமல் துடிப்பதும், தசைகள் சொன்னபடி கேட்பதும் இந்தச் சொற்பப் பங்கு ஒரு லிட்டர் இரத்த நீருக்கு 3.5-லிருந்து 5-க்குள் நிற்பதைப் பொறுத்தே இருக்கின்றன. குறைந்தால் கெண்டைக்கால் இழுக்கும், கை கால் துவளும், மலம் கட்டும், நெஞ்சு படபடக்கும். டிஜாக்ஸின் சாப்பிடும் ஹிருதய நோயாளியானால் அம்மருந்தே விஷமாகத் திரும்பும்.

பிரூஸெமைடு போன்ற நீர் மாத்திரை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உப்பு மறுபடி இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட உப்பு, ஜலத்தை இழுத்துக்கொண்டு குழாயின் கடைக்கோடிக்கு வந்து சேருகையில், அங்கே ஒருவிதப் பண்டமாற்று நடந்து, சோடியம் உள்ளே வாங்கப்பட்டுப் பொட்டாசியம் வெளியே விடப்படுகிறது. இதிலிருந்து, நோயாளிகளிடம் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு முடிவு கிடைக்கிறது: நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவுக்கெவ்வளவு உப்பைத் தின்கிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு பொட்டாசியத்தை இழக்கிறார். ராகி சங்கடியோடு ஆவக்காய் ஊறுகாயைத் தாராளமாகப் பிசைந்து உண்டு, மேலே ஒரு மூடி சிரப்பும் குடிப்பவர், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறார். ஊறுகாயைக் குறைத்தால் சிரப்பின் தேவையும் பலருக்குக் குறையும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மருந்தைக் கூட்டச் சம்மதிக்கிற நம் ஜனங்கள் ஊறுகாயைக் குறைக்கச் சம்மதிப்பதில்லை.

நீர் இறக்கும் மருந்துகளின் சரித்திரம் விநோதமானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாதரசக் கலவையை ஊசி வழியே ஏற்றித்தான் நீர்க்கோவையை வடித்தார்கள். 1958-வாக்கில் குளோரோதையசைடும், அதற்குச் சில ஆண்டுகள் பின்னே பிரூஸெமைடும் வந்தபிறகு வாயால் விழுங்கும் மாத்திரையே போதுமென்று ஆயிற்று. கூடவே பொட்டாசியக் குறைவும் வந்தது. அதை ஈடுசெய்யப் பொட்டாசியம் குளோரைடைக் குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சிட்டு விற்றபோது, மாத்திரை கரைந்த இடத்தில் உப்பு ஒரே குவியலாய் இறங்கிச் சிறுகுடலில் புண்ணும் அடைப்பும் உண்டாக்கியதை 1964-வாக்கில் கண்டறிந்தார்கள். மெழுகுப் பொதியிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் மாத்திரையும், நீரில் கலந்து குடிக்கும் சிரப்பும் செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிரப்பின் அளவைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். மூடியில் 15 மில்லி என்று கோடிட்டிருக்கும் அளவுக்கு ஊற்றினால் அதில் ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 20 மில்லி ஈக்விவலண்ட், அடங்கியிருக்கிறது. வெளியே உலவும் மொத்தச் சரக்கு எழுபதுக்கும் குறைவு என்று மேலே சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டால், ஒரு மூடி மருந்து அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சமானம் என்பது விளங்கும். நல்ல சிறுநீரகமும் இன்சுலினும் இருக்கும் தேகம் அதை வந்த வேகத்திலேயே உயிரணுக்களுக்குள் தள்ளியும், மிகுந்ததைச் சிறுநீரில் கழித்தும் சமாளித்துவிடுகிறது. தொண்டையையும் இரைப்பையையும் எரிக்கும் குணமுள்ளதாகையால், சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் தண்ணீரில் கலந்து மெல்ல மெல்லக் குடிக்கச் சொல்வார்கள். புட்டியிலிருந்து நேரே வாயில் கவிழ்த்து, பிறகு குமட்டுகிறது என்று மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் இந்தச் சிறு விதியை அறியாதவர்கள்.

மருந்து எதற்கு, வாழைப்பழம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரத்தத்தில் பொட்டாசியம் 4-லிருந்து 3-க்கு இறங்கினால், உயிரணுக்களுக்குள்ளிருந்து போனதையும் சேர்த்துத் தேகம் 200 முதல் 400 மில்லி ஈக்விவலண்ட் வரை இழந்திருக்கும். ஒரு வாழைப்பழம் தருவதோ சுமார் பத்து. மேலும் நீர் மாத்திரை பொட்டாசியத்தோடு குளோரைடையும் கொண்டுபோகிறது. பழத்திலுள்ள பொட்டாசியம் பெரும்பாலும் வேறு அமிலங்களோடு கூடியிருப்பதால் அந்த நஷ்டத்தை நிரப்புவதில் சிரப்புக்கு ஈடாகாது. சில சமயம் மக்னீஸியமும் குறைந்திருந்து, அதைச் சரிசெய்யும்வரை எவ்வளவு சிரப்பு குடித்தும் அளவு ஏறாமல் நிற்கும். இளநீர் வேறு ஜாதி. நல்ல இளநீர் ஒன்றில் ஒரு மூடி சிரப்புக்கு ஏறத்தாழச் சமமான பொட்டாசியம் இருக்கக்கூடும். திருப்பதி சாலையோரத்தில் வெயிலுக்கு இதமாக அதைப் பருகுகிற ஆரோக்கியசாலிக்கு அது அமிர்தம்; டயாலிஸிஸ் செய்துகொள்பவருக்கோ, அதே காய் உயிருக்கே உலை வைக்கும்.

திருமலை யாத்திரையில் இந்த விஷயம் ஒரு விசித்திர உருவம் எடுக்கிறது. வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் மணிக்கணக்காகக் காத்திருக்கவேண்டும், நடுவில் எழுந்துபோக முடியாது என்ற பயத்தால், தரிசனத்தன்று நீர் மாத்திரையை நிறுத்திவிடுவது பக்தர்களிடையே சகஜம். “மலைக்குப் போறேனுங்க, இன்னிக்கு நீர் மாத்திரை போடல” என்று ஒருவர் சொன்னால், “அப்போ சிரப்பையும் நிறுத்திட்டீங்களா, பெரியவரே?” என்று திருப்பிக் கேட்கும் மருந்துக்கடைக்காரர் அபூர்வம். சிறுநீரகம் திடமாயுள்ளவருக்கு ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் திருமலையோடு நிற்காமல் திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று யாத்திரையை நாலைந்து நாள் நீட்டி, கழிக்கும் மாத்திரையை விட்டு, நிரப்பும் சிரப்பை மட்டும் பக்தி சிரத்தையோடு குடித்துவரும் பலவீனமான சிறுநீரகக்காரர், ஒரு பக்கம் நுரையீரலில் நீரையும் மறுபக்கம் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் சேர்த்துக்கொள்கிறார். மாத்திரையின் வேகம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடுவதால், பிரயாணத்துக்கு முன்பே வைத்தியரைக் கேட்டு வேளையை முன்பின்னாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மிகுதியின் அபாயம் குறைவின் அபாயத்தைவிடச் சத்தமில்லாதது. அநேகமாக முன்னறிவிப்பின்றி ஹிருதயத்தையே தாக்கும். 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரை ஹிருதய பலவீனத்தில் ஆயுளைக் கூட்டுகிறதென்று ஒரு பெரிய ஆராய்ச்சி நிரூபித்தது. இது நீரை இறக்கினாலும் பொட்டாசியத்தைக் கழியவிடாமல் காக்கும் ஜாதி. உடனே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதை எழுதிக்கொடுப்பது மளமளவென்று பெருக, ஏற்கெனவே வேறொரு ஹிருதய மருந்தும் சாப்பிட்டுவந்த அத்தகைய நோயாளிகளில் பொட்டாசிய மிகுதியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் தொகை, 1994-இல் ஆயிரத்துக்கு 2.4-ஆக இருந்தது, 2001-இல் 11-ஆயிற்று. நம் நாட்டில் ஸ்பைரோனோலாக்டோனையும் பிரூஸெமைடையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். எனாலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மருந்துகளும் பொட்டாசியத்தைத் தேக்குகிறவையே. இவற்றில் ஒன்றோ இரண்டோ சாப்பிடுகிறவருக்குச் சிரப்பு அவசியமா என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கவேண்டும். பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்காகப் புட்டி வாங்குவதை நான் ஆட்சேபிக்கிறேன். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று மளிகைக் கடையில் கிடைக்கும் பாக்கெட்டிலும் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ந்திருப்பது இதே பொட்டாசியம் குளோரைடுதான்; அந்த உப்பைச் சமையலுக்கு வாங்கிய வீட்டார் அதை வைத்தியரிடம் சொல்வதில்லை.

ஆகவே இரத்தப் பரீட்சையே வழி. மருந்தை ஆரம்பித்தோ அளவை மாற்றியோ ஓரிரு வாரத்தில் ஒரு முறையும், பிறகு வைத்தியர் குறிக்கும் தவணையிலும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கையை இறுக்க மூடி மூடித் திறந்து எடுத்த இரத்தத்திலும், கிராமத்தில் எடுத்து, பிரிக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்து, மணிக்கணக்கில் பஸ்ஸில் சித்தூருக்கு வந்து சேர்ந்த இரத்தத்திலும், உயிரணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளியே கசிந்து, இல்லாத மிகுதி இருப்பதாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து மிரளாமலும் அலட்சியம் செய்யாமலும், அன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, ஆய்வுக்கூடத்திலேயே புதிதாக இரத்தம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்வதே அனுபவமுள்ள வைத்தியரின் முறை.