கரகரக்கும் சிவப்பு நட்சத்திரம்

மின்னல் வெட்டினால் ரேடியோ கரகரக்கும். ஏன்? மின்னலிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன. சில நட்சத்திரங்களிலிருந்தும் வருகின்றன.

சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. அதன் ஒளி நம்மை வந்தடைய 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது சிறியது. சிவப்பு நிறம். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் அதன் காந்த சக்தி அதிகம். அந்தச் சக்தி முறுக்கேறி வெடிக்கும். மின் துகள்கள் சீறிப் பாயும். அவற்றிலிருந்து ரேடியோ அலைகள் கிளம்பும். 2019இல் ஆஸ்திரேலியாவில் ரேடியோ தொலைநோக்கி இதைப் பதிவு செய்தது.

அந்த நட்சத்திரத்தை ஒரு கோள் சுற்றுகிறது. 2016இல் இது தெரிந்தது. அங்கே தண்ணீர் இருக்கலாம். ஆனால் இந்த வெடிப்புகள் அதன் காற்றைப் பறித்துவிடலாம். காற்று போனால் உயிர் ஏது? அதை அறியவே விஞ்ஞானிகள் அந்தக் கரகரப்பைக் கவனிக்கிறார்கள்.

நம் பூமிக்குக் காந்தமும் காற்றும் கவசம்.