ஞான ஒடுக்கமும் பணிக்குழு ஒருமையும்: 18ஆம் நூற்றாண்டுத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

சமயப் பணியாளர் அன்றாடப் பணியை நிறுத்தி, ஓரிடத்தில் கூடிச் சில நாள் வேண்டுதலிலும் தன்னாய்விலும் தங்குவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என வழங்கினர். இன்று 'தியானம்' என்பதும், பிற திருச்சபையாரிடையே 'ரிட்ரீட்' என்னும் கடன்சொல்லும் பெருவழக்காக உள்ளன. இக்கூடுகை ஓய்வாகவோ ஆண்டுத் திட்டமிடலாகவோ சுருங்கிவிடும் சூழலில், கிறித்தவப் பணிக்குழு ஒன்றுக்கு அதன் பயன் யாது என்பதைத் திருச்சிராப்பள்ளி வட்டார வரலாற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

சைவ சித்தாந்தத்தில் 'ஒடுக்கம்' என்பது தோன்றிய உலகம் தன் மூலத்தில் அடங்குதலைக் குறிக்கும். கண்ணுடைய வள்ளலாரின் 'ஒழிவிலொடுக்கம்' என்னும் நூற்பெயர், அச்சொல் அகத்தே அடங்குதலையும் சுட்டியதற்குச் சான்றாகும். கிறித்தவ வழக்கில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு ஒடுங்கியவர் மீண்டும் பணிக்குத் திரும்புதல் வேண்டும். 1548இல் அச்சேறிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் முழுமையாக ஏறத்தாழ 30 நாளும், சுருங்கிய வடிவில் 8 நாளும் நிகழ்வன. அவற்றின் நோக்கம், இனி வாழ வேண்டிய முறையைத் தெளிந்து தேர்தலே ஆகும்.

வேதியரின் தனிமை

மதுரை மிஷனில் குருமார் சிலரே இருந்தனர், ஊர்களோ பல. குரு வராத நாள்களில் மறைக்கல்வி கற்பித்தல், வேண்டுதல் நடத்துதல், நோயுற்றோரைக் காணுதல், சாகுந்தறுவாயில் உள்ளோர்க்குத் திருமுழுக்களித்தல் ஆகியவற்றை 'வேதியர்' எனப்பட்ட தமிழ் உபதேசியாரே செய்தனர். திருவரங்கத்தில் மறையோதும் அந்தணரைக் குறித்த சொல், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் இல்லறத்தாரான இப்பணியாளர்க்குரியதாயிற்று. அவ்வூரில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) இவர்களுக்கென்றே உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' இயற்றினார். ஒடுக்கத்தில் கேட்டவை எட்டு நாளில் நிறைவுறும். நூலோ தனித்துப் பணியாற்றும் ஊருக்கும் உடன் செல்லும். தனிமையில் சோர்வும் தன்விருப்பமும் தலையெடுத்தலைத் தடுப்பதே இரண்டின் பொதுப்பயன் எனலாம்.

சுவார்ட்ஸின் அன்றாடக் கூடுகை

1762இல் திருச்சிராப்பள்ளிக்கு முதன்முதல் வந்த சுவார்ட்ஸ் (1726–1798), 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பினார். காலையில் உபதேசியாரைக் கூட்டி வேண்டுதல் செய்து அவரவர் பணியைப் பகிர்ந்தளிப்பதும், மாலையில் அவர்கள் திரும்பிவந்து அன்றைய பணியை எடுத்துரைப்பதும் அவரது வழக்கம் என்பர். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் திருத்தூதர் அனுப்பப்படுதல், மீண்டு வந்து நடந்தவற்றைக் கூறுதல், தனியிடத்துக்கு அழைக்கப்படுதல் என்னும் வரிசை அமைந்துள்ளது. கத்தோலிக்கர் சில நாள் விலகியிருந்து பெற்றதைச் சுவார்ட்ஸ் ஒவ்வொரு நாளின் இரு முனைகளிலும் அமைத்துக்கொண்டார்.

திருவரங்க ஒப்புமை

திருவரங்கத்து மடங்களில் துறவியர் ஆடிப் பௌர்ணமி முதல் நான்கு பட்சங்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் மேற்கொள்வர். மழைக்காலத்தில் உயிர்களுக்கு ஊறு நேராதிருத்தல் அதன் அடிப்படை; அந்நாள்களில் சீடர் ஆசாரியரை அணுகிக் காலட்சேபம் கேட்பர். விலகி நிற்றலே கற்றலுக்கும் கூடுதலுக்கும் வாயிலாகிறது என்பதில் இரு மரபும் ஒன்றுபடும். எனினும், சாதுர்மாஸ்யம் துறவியின் நோன்பை மையமாகக் கொண்டது. வேதியர் ஒடுக்கம் பணியாளர் குழுவை மையமாகக் கொண்டது.

முடிவுரை

பணியை எடுத்துரைக்கும் கூடுகை எளிதில் கண்காணிப்பாக மாறக்கூடும். இக்கால ஆவணங்கள் பெரும்பாலும் மிஷனரிகளின் எழுத்தாதலின், வேதியர் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பது அவற்றில் அரிதாகவே வெளிப்படுகிறது. ஆயினும் ஓர் அளவுகோல் கிட்டுகிறது. இயேசு சபையார் தாமும் ஆண்டுதோறும் எட்டு நாள் ஒடுக்கத்துக்கு உட்பட்டனர். சுவார்ட்ஸ் உபதேசியாருடன் சேர்ந்தே வேண்டினார். வழிநடத்துவோரும் அதே தன்னாய்வுக்கு உட்படும்போதுதான் ஒடுக்கம் குழுவை ஒன்றாக்குகிறது. அந்நிலை இல்லாதவிடத்து, எத்தனை நாள் கூடினும் அது கணக்குக் கேட்கும் அவையாகவே எஞ்சும்.