பூட்டிய அறையும் இருபத்திரண்டு அலகும்

ஆட்டக்காரரைப் பூட்டிய அறை ஒன்றுக்குள் நிறுத்தி, அவ்வறையில் உள்ள பொருள்களைக் கொண்டே கதவைத் திறந்து வெளியேறச் சொல்லும் கணினி விளையாட்டுகள் ‘எஸ்கேப் ரூம்’ என்னும் பெயரால் இன்று பரவலாக அறியப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றில் சுட்டு வீழ்த்தப் பகைவர் இல்லை, விரலின் விரைவுக்கும் வேலை இல்லை. சுவரில் தொங்கும் ஓவியம், நின்றுபோன கடிகாரம், இழுப்பறையில் தொங்கும் மூன்றிலக்கப் பூட்டு என்று கண்முன் கிடப்பவற்றுள் எது எதனோடு சேரும் என்று கண்டறிவதே ஆட்டம். கண்டெடுத்த பொருள்கள் திரையின் ஓரத்தில் ‘இன்வென்டரி’ எனப்படும் கையிருப்பில் சேர்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தியும், அறையிலுள்ள வேறு பொருள்கள்மேல் பயன்படுத்தியும் ஆட்டக்காரர் முன்னேறுகிறார்.

இவ்வகையின் வேர், 1976 அளவில் அமெரிக்கரான வில்லியம் குரோதர் எழுதிய ‘கொலோசல் கேவ் அட்வெஞ்சர்’ என்னும் குகை விளையாட்டில் இருக்கிறது. அதில் படம் எதுவும் கிடையாது. திரையில் தோன்றும் வருணனையைப் படித்து, விளக்கை எடு, வடக்கே போ என்பன போன்ற கட்டளைகளைத் தட்டச்சுச் செய்தே குகைக்குள் நகர வேண்டும். 1993இல் மில்லர் சகோதரர்கள் ‘மிஸ்ட்’ என்னும் ஆளரவமற்ற தீவைப் படமாக்கிக் காட்டினர். ஒற்றை அறை என்ற வடிவத்தை உலகெங்கும் பரப்பியது, ஜப்பானியரான தொஷிமிட்சு தகாகி 2004இல் இணையத்தில் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’ ஆகும். நண்பர் குழுவாகப் பணம் கட்டி உள்ளே போகும் உண்மையான அறைகளின் ஆட்டத்தைத் தகாவோ கதோ என்பவர் கியோட்டோ நகரில் 2007இல் தொடங்கியது அதன் பின்னரே. உண்மையான அறைகளைப் பார்த்துத்தான் கணினி விளையாட்டு பிறந்தது என்று பலரும் கருதுவது முறை மாறிய எண்ணம்.

இவ்விளையாட்டின் உயிர், ஆக்கியவருக்கும் ஆடுபவருக்கும் இடையில் சொல்லாமலே நிலவும் ஓர் உடன்பாட்டில் இருக்கிறது: திறப்பதற்கு வேண்டிய யாவும் உள்ளேயே உண்டு, வெளியுலகச் சிறப்பறிவு எதுவும் தேவையில்லை, விடை கிடைத்தபின் திரும்பிப் பார்த்தால் இதுதானே என்று மனம் ஒப்பும். இவ்வுடன்பாடு முறிந்ததற்கு ஆட்டக்காரர்கள் இன்றும் சுட்டும் எடுத்துக்காட்டு 1999இல் வெளிவந்த ‘கேப்ரியல் நைட் 3’. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க, நண்பரின் கடவுச்சீட்டைத் தனதென்று காட்ட வேண்டிய கட்டத்தில், பூனையின் மயிரைப் பிடித்துப் பாகு தடவி மீசையாக ஒட்டிக்கொண்டு, மீசையே இல்லாத அந்த நண்பரின் படத்திலும் மீசை வரைய வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. இதனை ஊகித்துக் கண்டவர்கள் அரியர். கண்டவர்களுக்கும் மகிழ்ச்சி வரவில்லை, ஏனெனில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் உரசிப் பார்த்ததன் பயனாகவே விடை விழுந்தது.

தமிழ்ச் செய்யுள் மரபு இந்த உடன்பாட்டை நன்கறியும். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் கூடசதுக்கம் என்பது, பாட்டின் நான்காம் அடியை அமைக்கும் எழுத்துகள் முழுவதையும் முதல் மூன்று அடிகளுக்குள்ளேயே ஒளித்து வைப்பது. தேடுபவர் செய்யுளுக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை.

நேர்மையான புதிர் எவ்வாறு இயங்குகிறது என்பதை 2009இல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வெளிவந்த, கோட்டாரோ உச்சிகோஷியின் ‘ஒன்பது மணி, ஒன்பது பேர், ஒன்பது கதவு’ என்னும் விளையாட்டில் நெருங்கிப் பார்க்கலாம். கப்பல் ஒன்றினுள் அடைபட்ட ஒன்பது பேரின் கையிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண் பொறித்த காப்பு இருக்கிறது. எண்ணிட்ட கதவு ஒன்றைத் திறக்க மூவர் முதல் ஐவர் வரை சேர வேண்டும். அவர்களுடைய எண்களைக் கூட்டி, வந்த தொகையின் இலக்கங்களை மீண்டும் கூட்டி ஓரிலக்கமாக்கினால் அது கதவின் எண்ணாக இருக்க வேண்டும். எண்சோதிடம் பார்ப்பவர் பிறந்த தேதியைச் சுருக்கும் அதே கணக்குத்தான். 2, 5, 7 ஆகிய எண்ணுடையோர் சேர்ந்தால் தொகை 14, அதன் இலக்கங்கள் கூடினால் 5. ஐந்தாம் கதவு திறக்கும். அவர்களோடு 9ஆம் எண்ணுடையவர் சேர்ந்தாலும் தொகை 23 ஆகி மீண்டும் 5 என்றே வரும்.

ஒன்பது என்னும் எண் கணக்கில் தடமின்றி மறைவதைக் கவனித்தவருக்கே இவ்விளையாட்டின் பல முடிச்சுகள் தளர்கின்றன. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் அவ்வாறே. ஆகவே எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் அவ்வெண்ணை ஒன்பதால் வகுத்த மீதியே எஞ்சுகிறது, மீதியின்றி வகுபடும் இடத்தில் மட்டும் ஒன்பது என்று நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் ஆரியபட்டர் பெருக்கலைச் சரிபார்க்கச் சொன்ன வழியும் இதுவே. இந்த அறிவோடு நோக்கினால், நான்காம் கதவும் ஐந்தாம் கதவும் எதிர்ப்படும்போது ஒன்பது பேரும் எஞ்சாமல் உள்ளே போக முடியுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு சேர்க்கையாக முயன்று களைக்க வேண்டியதில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45, சுருக்கினால் 9. கதவுகளின் எண்கள் 4, 5 கூடினாலும் 9. ஆகவே ஒரு குழு ஐந்தாம் கதவுக்குப் பொருந்தினால் மற்றக் குழு நான்காம் கதவுக்குத் தானாகவே பொருந்தும். 2, 5, 7, 9 ஒரு பக்கம் போனால், எஞ்சிய 1, 3, 4, 6, 8 கூடி 22 ஆகி, 4 என்று சுருங்குகிறது. விடையைச் சரியென்று சொல்ல ஆசிரியர் ஒருவர் அருகில் தேவைப்படாதது இவ்வகைப் புதிரின் பெருஞ்சிறப்பு. கதவே தீர்ப்புச் சொல்கிறது.

ஆட்டக்காரர் திகைத்து நிற்பது பெரும்பாலும் அறிவுக் குறையால் அன்று. கார்ல் டுங்கர் என்னும் உளவியலாளர் மெழுகுவர்த்தி ஒன்றையும் தீப்பெட்டியையும் பெட்டி நிறைய ஊசிமுளைகளையும் கொடுத்து, வர்த்தியைச் சுவரில் நிறுத்தி ஏற்றச் சொன்னார். முளைப் பெட்டியைச் சுவரில் அறைந்து அதன்மேல் வர்த்தியை வைப்பதே வழி. ஆனால் முளைகளைத் தாங்கி நிற்கும்வரை பெட்டி கொள்கலமாகவே பலருக்குத் தோன்றியது, முளைகளை வெளியே எடுத்து வெறும் பெட்டியாகக் கொடுத்தபோது வழி கண்டவர் தொகை கூடியது. பொருளொன்றின் வழக்கமான பயன் அதன் வேறு பயன்களை மறைத்து விடுகிறது. தேர்ந்த எஸ்கேப் ரூம் ஆக்குநர் இந்த மறைவின்மேல்தான் புதிரைக் கட்டுகிறார்: அலங்காரமென்று கடந்துபோன ஓவியத்தில் கடிகார முள்ளின் நிலை இருக்கிறது, வெளிச்சத்துக்கு என்று நினைத்த விளக்கின் சூட்டில் கடதாசியில் எழுத்துத் தோன்றுகிறது. ஆகவே நெடுநேரம் நகராமல் நின்றவர், இனி எங்கே தேடுவது என்பதை விட்டு, கையிலிருக்கும் பொருளைப் பற்றித் தாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்பதே பயன் தரும்.

ஆக்கியவர் இல்லாத புதிர்களும் உண்டு. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில், நிலவு இரவுகளில் கேட்கும் பாடும் மீனின் ஒலியை 1848இல் பிரித்தானிய அதிகாரியான எமர்சன் டெனன்ட் படகில் சென்று கேட்டுப் பதிவு செய்தார். ஊரிச் சிப்பியே ஒலிக்கிறது என்றனர் அவ்வூரார். அங்கே துப்புகள் யாவும் உள்ளேயே உண்டு என்று எவரும் வாக்களிக்கவில்லை.

அதே கல்லடியின் உப்போடையில், 1929இல் தொடங்கப்பட்ட சிவானந்த வித்தியாலய வளவில், இத்தகைய வாக்குறுதியற்ற புதிர் ஒன்றோடு பல ஆண்டு போராடியவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் இருந்தவர். அவர் முன் கிடந்த அறையில் யாழ் என்னும் கருவியே இல்லை. சிலப்பதிகாரமும் அதன் பழைய உரைகளும், சங்கப் பாட்டுகளில் சிதறிய வருணனைகளுமே எஞ்சியிருந்தன. ஏழு இசைகளுக்கும் உரைகள் அலகு சொல்கின்றன: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. அலகு என்பது சுரங்களுக்கிடையே உள்ள தொலைவை அளக்கும் நுண்ணளவு. இவற்றோடு, பன்னிரண்டு இராசி வீடுகளை வரைந்து அவற்றுள் ஏழு இசைகளை நிறுத்தும் வட்டப்பாலை என்னும் முறையும் உரைகளில் இருக்கிறது.

எண்கள் கையில் இருந்தும் பூட்டுத் திறக்கவில்லை, ஏனெனில் அந்த அலகு இசைக்கு முன்னுள்ள இடைவெளியா, பின்னுள்ளதா என்பது திசையை மாற்றிவிடும். பின்னுள்ளதாகக் கொண்டால் குரலிலிருந்து துத்தம் 4இலும், கைக்கிளை 8இலும், உழை 11இலும், இளி 13இலும், விளரி 17இலும், தாரம் 20இலும் நிற்கும். அது இன்றைய கல்யாணி இராகம். முன்னுள்ளதாகக் கொண்டால் துத்தம் 4, கைக்கிளை 7, உழை 9, இளி 13, விளரி 16, தாரம் 18 என்று அமையும்; அது அரிகாம்போதி. இளி இரு வழியிலும் 13இலேயே நிற்பதால் அதை மட்டும் சோதித்தவர் தவறான பாதையிலும் நம்பிக்கையோடு போகலாம். உழையின் இடம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. செம்பாலை என்னும் பழைய இசைநிரல் அரிகாம்போதியே என்ற முடிவு இன்று இசையறிஞர் பலரால் ஏற்கப்படுகிறது. விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அவருடைய கணக்கின்படி செய்த முளரியாழ் முதலிய கருவிகளும் அங்கே எடுத்து வரப்பட்டன. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கணினிப் பூட்டுப்போல இங்கே சரி என்று ஒலிக்கும் கதவு இல்லை. ஓர் உரையடி மற்றோர் உரையடியோடு முரணாமல் நிற்கிறதா என்று திரும்பத் திரும்ப ஒத்துப் பார்ப்பதொன்றே அவருக்கு வாய்த்த சோதனை.

மட்டக்களப்பின் இளம் நிரலாளர் எவரேனும் தமிழில் எஸ்கேப் ரூம் ஒன்றை ஆக்க எண்ணினால், அயல்நாட்டுக் கோட்டைகளையும் பேய் மாளிகைகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. சுவரில் பன்னிரு வீடுகள் கொண்ட சுழல் வட்டம், நடுவில் ஏழு நரம்பு யாழ், மேசையில் ஏழு எண்கள் எழுதிய ஏடு என்று ஓர் அறை அமைத்தால் போதும். அலகைப் பின்னுள்ள இடைவெளியாக எண்ணுபவர் கல்யாணியைக் கேட்பார், கதவு அசையாது, முன்னுள்ளதாக எண்ணுபவருக்கு அது திறக்கும். ஆனால் உடன்பாடு காக்கப்பட வேண்டுமானால், உழை குரலிலிருந்து ஒன்பதாம் அலகில் நிற்கும் என்ற குறிப்பை அறையின் எங்கேனும் ஆக்குநர் வைத்தாக வேண்டும்; இராகம் அறியாதவரும் செவிப்புலன் குன்றியவரும் ஆடத்தக்கதாக, ஒவ்வொரு நரம்பும் அதிரும்போது வட்டத்தில் அதற்குரிய வீடும் ஒளிர வேண்டும்.