கையின் குற்றமா, முறையின் குற்றமா?

ஒரே மாவைக் கொண்டு, ஒரே கல்லில், ஒரு தாய் பத்துத் தோசை வார்க்கின்றாள். பத்தும் ஒரே அளவினவாய் அமைவதில்லை. ஒன்று சற்றே பெரிது. மற்றொன்று சற்றே சிறிது. இதனை எவரும் குறையெனக் கொள்வதில்லை. ஆனால், ஐந்தாவது தோசை மட்டும் கரிந்து போயின், அவள் உடனே அடுப்பைக் குனிந்து பார்க்கின்றாள். விறகு மிகுதியாய் எரிந்திருக்கலாம். கல்லில் எண்ணெய் பூச மறந்திருக்கலாம். எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுவது, எந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவது என்பதை அடுப்படியில் நிற்பவள் நன்கறிவாள்.

இலட்சக்கணக்கில் பண்டங்களைச் செய்து குவிக்கும் தொழிற்சாலையில் இவ்வறிவு அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. அங்கு அதனைக் கணிதத்தின் துணையால் வகுத்துத் தரும் முறைக்கே புள்ளிவிபர முறைத் தரக்கட்டுப்பாடு என்று பெயர். பெயர் பெரிதாயினும் கருத்து எளியது. அக்கருத்து தொழிற்சாலைக்கு மட்டுமன்றி, பிறரது வேலையைச் சீர்தூக்கும் முகாமையாளர், ஆசிரியர், பெற்றோர் அனைவர்க்கும் உரியதென்பதை நாம் இங்கு காட்ட விரும்புகின்றோம்.

ஒரு பக்கக் குறிப்பு

இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் தொலைபேசிக் கருவிகளைச் செய்துவந்த பெரு நிறுவனம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். சிக்காகோ நகரை அடுத்திருந்த அதன் ஹோதோர்ன் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். செய்து முடித்த பொருள்களைப் பரிசோதித்து, பழுதானவற்றைக் கழித்துவிடுவதே அந்நாளைய வழக்கம். கழிக்கப்பட்ட பொருளுக்குச் செலவான உழைப்பும் உலோகமும் வீண்.

பொருள்கள் ஒரே தன்மையனவாய் இருத்தல் வேண்டுமென்று அந்நிறுவனத்தார் பெரிதும் முயன்றனர். அளவு சிறிது கூடினால் இயந்திரத்தைத் தாழ்த்தினர். சிறிது குறைந்தால் உயர்த்தினர். வியப்பு யாதெனில், அவர்கள் முயல முயல வேறுபாடு குறையாது கூடிற்று.

இந்நிறுவனத்தில் 1918ஆம் ஆண்டு சேர்ந்தவர் வோல்ட்டர் ஷூஹார்ட் என்னும் பௌதிகவியல் அறிஞர். அவர் 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, ஏறக்குறைய ஒரு பக்க அளவிலான குறிப்பொன்றைத் தம் மேலதிகாரிகளிடம் சமர்ப்பித்தார். அதிலே சிறு வரைபடமொன்றும் இருந்தது. உலகின் முதலாவது தரக்கட்டுப்பாட்டு வரைபடம் அதுவே. அக்கருத்தை அவர் விரித்தெழுதிய நூல் 1931இல் வெளிவந்தது.

கோடுகள் சொல்லும் செய்தி

வேறுபாடுகள் இரு வகையின என்றார் ஷூஹார்ட். ஒன்று, வேலை நடைபெறும் முறையிலேயே என்றும் கலந்திருப்பது. உலோகத்தின் சிறு மாற்றம், இயந்திரத்தின் நடுக்கம், காற்றின் வெப்பம் எனப் பல நுண்காரணங்கள் கூடி அதனை உண்டாக்குகின்றன. இதனைப் பொதுக்காரண வேறுபாடு எனலாம். மற்றையது, முறைக்குப் புறம்பாக ஏதோவொன்று புகுந்தமையால் வருவது. வெட்டும் அலகு உடைந்திருக்கலாம். மட்டமான உலோகம் வந்து சேர்ந்திருக்கலாம். இது சிறப்புக்காரண வேறுபாடு.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஓர் இயந்திரம் ஆணிகளைக் கடைகின்றது எனக் கொள்வோம். மணிக்கொரு தடவை ஐந்து ஆணிகளை எடுத்து அளந்து, அவற்றின் சராசரியைத் தாளில் ஒரு புள்ளியாகக் குறிக்கின்றோம். போதிய புள்ளிகள் சேர்ந்தபின், நடுவே ஒரு கோடும், மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகளும் வரைகின்றோம். எல்லைக் கோடுகள் நடுக்கோட்டிலிருந்து மூன்று நியம விலகல் தூரத்தில் அமையும். செவ்வன் பரம்பலைத் தழுவிய அளவுகளாயின், பொதுக்காரணங்களால் மட்டும் ஒரு புள்ளி இவ்வெல்லையைத் தாண்டுதல் ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று தடவையே நிகழும்.

ஆதலின், புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால், உடனே காரணத்தைத் தேடுதல் வேண்டும். தடயம் மறைவதற்குமுன் தேடுதல் வேண்டும். எல்லைக்குள்ளே ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் நிற்குமாயின், இயந்திரத்தைத் தொடாது விடுதல் வேண்டும். இக்கோடுகள் முகாமையாளரின் விருப்பத்தாலோ வாங்குவோரின் கட்டளையாலோ வரையப்படுவன அல்ல என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க. வேலையின் அளவுகளே அவற்றை வரைகின்றன.

தொடாது விடுதல் சோம்பலாகாதோ என்று சிலர் கேட்கக்கூடும். ஷூஹார்ட்டின் வழிவந்த எட்வேர்ட்ஸ் டெமிங் என்னும் அறிஞர் இதற்கு ஒரு சோதனை காட்டுவார். புனல் ஒன்றினூடாகக் கோலிக் குண்டை ஒரு குறியின்மீது விழவிடுக. குண்டு சிறிது விலகி நிற்கும். விலகிய தூரத்துக்கு ஈடாக, எதிர்ப்புறத்தில் ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்திச் செல்க. குண்டுகள் குறியை நெருங்காது, முன்னையிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு அகலமாகச் சிதறும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் பட்ட பாடும் இதுவே.

சிவப்பு மணிகள்

டெமிங் தம் வகுப்புக்களில் நடத்திக் காட்டிய மற்றொரு சோதனை இன்னும் உருக்கமானது. ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் உள்ள தட்டினால் மணிகளை அள்ளுவதே வேலை. வெள்ளை மணி நற்பொருள். சிவப்பு மணி பழுது. சபையிலிருந்து அறுவர் தொழிலாளராக முன்வருவர். டெமிங்கே மேற்பார்வையாளராக நடிப்பார்.

ஒருவர் தட்டில் 6 சிவப்பு மணிகள் வந்தால் அவருக்குப் பாராட்டு. மற்றவர் தட்டில் 15 வந்தால் கண்டிப்பு. மறுநாளைக்குரிய அள்ளலில், பாராட்டுப் பெற்றவருக்கே 12 வரலாம். "பரிசு கிடைத்ததும் கவனம் குறைந்துவிட்டது" என்று மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார். இறுதியிற் "சிறந்த" மூவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை வேலையினின்று நீக்குவார். பழுது குறைவதில்லை.

எப்படிக் குறையும்? ஐந்தில் ஒரு மணி சிவப்பாயிருக்கையில், ஐம்பது மணிக்குப் பத்துச் சிவப்பு மணிகள் என்பதே சராசரி. எல்லைக் கோடுகளைக் கணித்தால், 2 முதல் 18 வரை எத்தொகையும் பொதுக்காரணத்தால் வரக்கூடியதே. ஆறு எடுத்தவர் திறமைசாலியும் அல்லர். பதினைந்து எடுத்தவர் சோம்பேறியும் அல்லர். பெட்டிக்குள் சிவப்பு மணிகளை இட்டவர் தொழிலாளர் அல்லர். அவற்றை நீக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆயினும் வேலையிழந்து வீடு திரும்புவோர் அவர்களே.

தொழிலில் நேரும் தொல்லைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறையைச் சார்ந்தவை, அவற்றுக்கு முகாமையே பொறுப்பு என்று தம் அனுபவத்திலிருந்து மதிப்பிட்டவர் டெமிங். வரைபடம் அமைதியாயிருப்பதனால் பொருள் நல்லதாகிவிடாது. ஒரே அளவிற் பழுதுகளை உண்டாக்கும் முறையும் உண்டு. அந்நிலையில் தொழிலாளரைக் கடிதலாற் பயனில்லை. முறையையே மாற்றுதல் வேண்டும்.

யப்பான் கற்ற பாடம்

போரினால் நலிந்திருந்த யப்பானில் இப்பாடத்தை ஆவலோடு கேட்டனர். யப்பானிய விஞ்ஞானிகள் பொறியியலாளர் சங்கத்தின் அழைப்பை ஏற்று, 1950ஆம் ஆண்டு டெமிங் அங்கு எட்டு நாள் வகுப்பு நடத்தினார். பொறியியலாளரோடு மட்டும் பேசி அமையாது, நிறுவனத் தலைவர்களிடமும் பேசினார். முறையை மாற்றும் அதிகாரம் அவர்களிடமன்றோ இருந்தது! அவ்விரிவுரைகளின் நூலுரிமைப் பணத்தை அவர் சங்கத்துக்கே அளித்துவிட, அதனைக் கொண்டு 1951இல் டெமிங் பரிசு நிறுவப்பட்டது.

யப்பானியப் பொருள்களின் உயர்வு ஒருவரால் மட்டும் வந்ததன்று. இஷிகாவா கவோரு முதலியோரின் முயற்சியால், 1962 முதல் தொழிலாளரே சிறு வட்டங்களாய்க் கூடி, வரைபடம் வரைந்து, குறைகளின் காரணத்தை ஆராயத் தொடங்கினர். கண்டிக்கப்பட்ட கைகளே அங்கு அளவிடும் கைகளாயின.

நம் வீட்டில்

ஒரு மாணவனின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் 61, 66, 63, 68, 62 என வருகின்றன. 68க்கு மிட்டாயும் 62க்கு வசையும் வழங்கும் தந்தை, புனலை நகர்த்துபவரேயாவர். திடீரென 35 வந்தால், அஃது எல்லை தாண்டிய புள்ளி. அப்போது வைதல் தகாது, விசாரித்தல் வேண்டும். பிள்ளைக்குக் கண்பார்வை மங்கியதோ, உடல்நலம் குன்றியதோ, மனத்தை வருத்தும் ஏதேனும் நேர்ந்ததோ என்று அன்போடு கேட்டல் வேண்டும். அறுபதுகள் போதா என்று கருதினால், படிக்கும் நேரத்தையும் முறையையும் இடத்தையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

குற்றவாளியைத் தேடுமுன், குற்றம் உண்டா என்று அளந்து பார்ப்பது அறிவு. ஆறு மணிக்கும் பதினைந்து மணிக்கும் வேறுபாடு காணாத அந்த நடுநிலையே, உழைப்போர்க்கு நாம் செய்யத்தக்க முதல் நீதியாகும்.