கம்பியில்லா வீடு – 6: மோட்டாரை யார் நிறுத்துவது?

சென்ற வாரம் ஹால் விளக்கையும் ஃபேனையும் போனுக்குள் கொண்டுவந்தோம். சிங்காநல்லூரில் அதற்கெல்லாம் யாரும் அசர மாட்டார்கள். "லைட்டை நாங்களே அணைச்சுக்கறமுங்க, மோட்டாருக்கு ஒரு வழி சொல்லுங்க" என்பார்கள். நியாயம்தான். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு சம்ப்பில் பிடித்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். போர் உப்புத் தண்ணிக்குத் தனித் தொட்டி.

கொங்கு நாட்டில் போனில் மோட்டாரை ஓட்டும் வித்தை தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால் டார்ச்சோடு கிணற்றுக்கு நடந்த விவசாயி, சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வந்தபின் கட்டிலில் இருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டினார். கிணறு வற்றினால் ஸ்டார்ட்டரே மோட்டாரை நிறுத்தியும் விடும்.

வீட்டில் பலர் செய்வது, மோட்டாரை ஒரு 16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்கில் நேராகச் செருகுவது. வேண்டாம். ஒரு எச்.பி. என்றால் 746 வாட்தானே என்று தோன்றும். ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். நாளாவட்டத்தில் பிளக்குக்குள் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஆப் 'ஆஃப்' என்று காட்டும், மாடியில் தண்ணீர் வழியும். ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுக்கு உத்தரவு கொடுத்தால் போதும்; மோட்டார் பாரத்தைக் கான்டாக்டர் சுமக்கட்டும்.

அடுத்தது சிக்னல். தொட்டியின் நீர்மட்டம் பார்க்கும் சென்சார் மொட்டை மாடியில், ஸ்டார்ட்டர் மாடிப்படிக்கு அடியில். நடுவே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் அதைத் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில், பேட்டரியில் ஓடும் சென்சார் பிறர் செய்தியைக் கடத்தாது. கரன்ட்டில் ஓடும் சாதனம் கடத்தும். ஆகவே மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜிக்பீ பிளக் இருக்கட்டும். வைஃபையை 1-வது சேனலில் நிறுத்தி ஜிக்பீயை 25-க்குத் தள்ளினால் இரண்டும் மோதாது. இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை இங்கே 865.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. சுவரை இன்னும் நன்றாகத் துளைக்கும். 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வரும் இசட்-வேவ் சாதனம் மட்டும் வேண்டாம். அது 908-இல் பேசும், இங்குள்ளதோடு ஒட்டாது.

முடிவெடுக்கும் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினியில் போட்டால், இன்டர்நெட் போனாலும் விதிகள் ஓடும்: தொட்டி நிறைந்தால் நிறுத்து, மோட்டார் இழுக்கும் கரன்ட் குறைந்தால் சம்ப் காலி என்று பொருள், நிறுத்து, சென்சார் பேசாவிட்டாலும் நிறுத்து.

அந்த மூளையும் ஒரு நாள் தொங்கலாம். அதனால் இந்தக் கம்பியில்லாத் தொடரில் ஒரே ஒரு கம்பிக்குச் சிபாரிசு செய்கிறேன். தொட்டியில் சாதாரண ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அதன் கம்பியைக் கான்டாக்டர் காயிலோடு தொடராக இணைக்கச் சொல்லுங்கள். காயில் 24 வோல்ட்டாக இருந்தால் தொட்டிப் பக்கம் 230 வோல்ட் போகாது. எலெக்ட்ரீஷியன் வேலை இது. நீங்கள் கை வைக்காதீர்கள்.

உங்கள் வேலை ஆப்பில் ஒன்று உண்டு. கரன்ட் போய்த் திரும்பும்போது ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, 'ஆஃப்' என்று வையுங்கள். வீட்டில் ஆளில்லாத மதியத்தில் மோட்டார் தானாகக் கிளம்பாது.