ஆயுதசாலையிலிருந்து மருத்துவமனைக்கு



கதிர்வீச்சு சிகிச்சைக்குக் காத்திருப்போரோடு ஜெபிக்க நாங்கள் செல்லும்போது அடிக்கடி ஒரு கேள்வி எழும்புகிறது. “ஐயா, இது ஜப்பானில் போட்ட குண்டின் சக்திதானே? உடம்புக்குள் தங்கிவிடுமா? வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?” படித்தவர்களும் இப்படிக் கேட்கிறார்கள். ஆகவே குண்டையும் மருத்துவமனையையும் உள்ளிருந்தே அறிந்த ஒரு விஞ்ஞானியைக் குறித்து இவ்விதழில் எழுதுகிறோம்.

ஜோசப் ராட்பிளாட் 1908-ம் ஆண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையினிமித்தம் மின்சார வேலை செய்துகொண்டே இயற்பியல் கற்றார். 1939-ல், நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கிடம் பணியாற்ற இங்கிலாந்திலுள்ள லிவர்பூலுக்கு வந்தார். மனைவி டோலா நோயுற்றிருந்தபடியால் உடன் புறப்பட முடியவில்லை. செப்டம்பரில் யுத்தம் மூண்டது. நாஜிகளின் யூதப் படுகொலையில் அந்த அம்மையார் மாண்டுபோனார். கணவர் அவரை மறுபடி காணவேயில்லை.

ஹிட்லர் முந்திக்கொள்வானோ என்ற அச்சத்தால் ராட்பிளாட் 1944-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆண்டின் இறுதியில், ஜெர்மனி அம்முயற்சியைக் கைவிட்டது தெரியவந்தது. தாம் வந்த காரணம் ஒழிந்தது என்று கண்டு அவர் வெளியேறினார். மனசாட்சியினிமித்தம் அத்திட்டத்தை விட்டு விலகிய ஒரே விஞ்ஞானி என்று அவரைச் சொல்வார்கள்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா அழிந்தது. தம் கல்வி இனி மனித உயிரைக் காக்கவே பயன்படவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். தைராய்டு வீக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியுள்ளதா என்பதைக் கதிரியக்க அயோடினால் அறியும் முறையை ஒரு மருத்துவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார். 1950 முதல் 1976 வரை லண்டன் புனித பர்த்தொலொமேயு மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராயிருந்தார். அங்கே பட்ரிசியா லிண்டாப் என்ற பெண் விஞ்ஞானியோடு, கதிர்வீச்சு எலிகளின் ஆயுளை எப்படிக் குறைக்கிறது என்று ஆராய்ந்தார். எவ்வளவு பட்டால் என்ன கேடு என்று அறிந்தால்தானே அளவோடு பயன்படுத்த முடியும்?

அந்த அளவில்தான் நம் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கதிர்வீச்சை “கிரே” என்ற அலகால் அளக்கிறார்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே பட்டு, தக்க மருத்துவமும் கிடைக்காவிட்டால், ஏறக்குறைய பாதிப்பேர் மரிப்பர். ஆனால் கட்டியுள்ள இடத்துக்கு மாத்திரம் குறிபார்த்து, நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரம் 5 நாளாக, 6 வாரத்தில் 60 கிரே கொடுக்கிறார்கள், நோயாளி பிழைக்கிறார். கதிர்கள் உயிரணுவின் உட்கருவைச் சேதப்படுத்துகின்றன. நல்ல அணுக்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் தங்களைச் சீர்ப்படுத்திக்கொள்கின்றன. புற்றுநோய் அணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. ஆகையால்தான் சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. இயந்திரத்தை நிறுத்தியதும் எல்லாம் முடிந்தது. பேரப்பிள்ளையைத் தாராளமாய்த் தூக்கலாம். கதிரியக்க அயோடினை மருந்தாக உட்கொள்பவர்களோ சில நாள் விலகியிருக்கவேண்டும்.

ராட்பிளாட் அணு ஆயுதங்களை ஒழிக்கவும் இறுதிவரை உழைத்தார். 1957-ல் தொடங்கிய பக்வாஷ் மாநாடுகளை முன்னின்று நடத்தினார். 1995-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் அந்த அமைப்புக்கும் கிடைத்தது. 2005-ல் காலமானார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரல்ல. ஆயினும் மனசாட்சியின் சத்தத்துக்குக் கீழ்ப்படிந்த அவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

ஒரு தாயார் பத்தாம் நாளோடு வராமல் நின்றுவிட்டார். ஆளனுப்பி விசாரித்தோம். “பயமாயிருக்கிறது” என்றார். பயத்தை விளக்கிப் போக்கியபின்புதான் மற்றதைச் சொன்னார்: பஸ் கட்டணத்துக்குப் பணமில்லை, கூட வரும் மகனுக்குக் கூலியும் போகிறது. பயத்தை நாங்கள் பேசித் தீர்த்தோம். மற்றதைத் தீர்த்தது உங்கள் காணிக்கை. அவர் மீதி நாட்களையும் முடித்து வீடு திரும்பினார்.

பாதியில் நின்றுபோகிறவர்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்