திரை வழியே ஒரு பட்டறை

1920-களின் கடைசியில், ஜெர்மனியின் டெஸாவ் நகரில் இயங்கிய பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில், ஜோசப் ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுத்தார். கத்தரி, பசை எதுவும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது. இந்தத் தாளை மதித்து, இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக ஆக்குங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகமூடி, கோட்டை, விமானம் என்று என்னென்னவோ இருந்தன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று அவற்றை ஒதுக்கினார். அவர் பாராட்டியது, மடித்து நிமிர்த்தி நிறுத்தியிருந்த ஒரு தாளை. துவண்டு விழும் காகிதம் மடிப்பு விழுந்ததும் தானாக நிற்கிறது. காகிதத்தின் குணத்தைக் கண்டுபிடித்தவர் அந்த ஒரு மாணவர்தான்.

பொருள் வடிவமைப்பு என்னும் கலையை இணையத்தில் கற்பிக்க முனையும் எவரும் இந்த வகுப்பைப் பாடமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் அதில் சொற்பொழிவே இல்லை. பயிற்சிதான் பாடம். இயந்திரமும் வேண்டாம், எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் கிடைக்கும் ஒரு பழைய பேப்பர் போதும்.

குக்கர் கைப்பிடி, சக்கர நாற்காலி, தண்ணீர்க் குடம் என்று மனிதர் கைபடும் எதையும் யாருக்காக, எதற்காக, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் வேலைதான் பொருள் வடிவமைப்பு. காலம் காலமாக இதைக் கற்றது பட்டறையில், ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, சக மாணவர் குறை சொல்ல. அந்தப் பட்டறையைத் திரைக்குள் கொண்டுவர முடியுமா? 2012-இல், கோர்செரா என்ற இணையக் கல்வித் தளம் தொடங்கிய ஆண்டிலேயே, இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் அதன் வழியே முயன்று பார்த்தார்கள்.

ஒருவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் உல்ரிச். ஸ்டீவன் எப்பிங்கரோடு சேர்ந்து அவர் 1995-இல் எழுதிய பொருள் வடிவமைப்புப் பாடநூல் உலகெங்கும் பொறியியல் கல்லூரிகளில் புழங்குகிறது. வெறும் நூலாசிரியர் அல்ல. ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டி ஒன்றை வடிவமைத்து விற்பனைக்கும் கொண்டுவந்தவர். உறைந்த ஐஸ்கிரீமைச் சுரண்டும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. அது நேராக இருக்கட்டும் என்று அந்தக் கரண்டியின் தலை ஒரு பக்கமாகச் சாய்க்கப்பட்டது. சாய்த்ததால் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என இரண்டு வகை செய்ய வேண்டி வந்தது. ஒரு பொருளில் எடுக்கும் முடிவு இன்னொரு முடிவை இழுத்துக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

உல்ரிச்சின் முறையில் முதல் வேலை, தேவையை எழுதுவது. பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதக் கூடாது. கேட்க எளிது, ஆனால் தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நம் அடுக்களையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத பாத்திரத்தில் டீ கொதிக்கிறது. அம்மா இடுக்கியால் பிடித்து, மறு கையால் வடிகட்டியை டம்ளர் மேல் பிடித்து, சாய்க்கிறார். கடைசிச் சொட்டு பாத்திரத்தின் அடிப்பக்கமாக வழிந்து மேடையில் விழுகிறது. இதைப் பார்த்த மாணவர் 'நீளமான கைப்பிடி வேண்டும்' என்று எழுதினால், அங்கேயே எல்லாக் கதவும் மூடிவிடும். 'வடிக்கும்போது கை சுடக் கூடாது', 'ஊற்றி முடித்ததும் வெளியே வழியக் கூடாது', 'ஒரு கையாலேயே வேலை முடிய வேண்டும்' என்று எழுதிப் பார்க்கட்டும். அப்போது மூக்கு வைத்த பாத்திரமும் வரலாம், மூடியோடு சேர்ந்த வடிகட்டியும் வரலாம், இடுக்கியையே மாற்றலாம் என்ற எண்ணமும் வரலாம். என் கணக்கில் ஒரு முழு வாரத்தை இந்த ஒன்றுக்கே கொடுக்கலாம். வீட்டில் ஒருவர் வேலை செய்வதை போனில் படம் பிடித்து, மூன்று முறை ஓடவிட்டு, கை எங்கே தயங்குகிறது என்று குறிக்கச் சொல்ல வேண்டும். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குக் கிடைக்காத வசதி இது. இணைய மாணவர் பொருள் புழங்கும் இடத்திலேயே இருக்கிறார்.

அடுத்து வரைவதும் மாதிரி செய்வதும். தடித்த மார்க்கரால் வரையச் சொல்வது நல்லது, நுணுக்கத்தில் மனம் சிக்காது. அட்டைப்பெட்டி, கட்டர், செலோடேப் போதும். மாதிரியைப் படம் எடுக்கும்போது கையும் படத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தெரியாது.

கடினமான பகுதி, யார் பார்த்துக் கருத்துச் சொல்வது என்பது. ஆயிரக்கணக்கில் மாணவர் இருக்கும்போது ஓர் ஆசிரியரால் ஆகாது. சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற கேள்வித்தாளால் ஒரு வடிவமைப்பை எடைபோடவும் முடியாது. அந்த இரு பேராசிரியர்களில் மற்றவர், அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்காட் கிளெம்மர், மனிதரும் கணினியும் ஊடாடுவது பற்றிய தம் கோர்செரா வகுப்பில் இதற்கு ஒரு வழி கண்டார். மாணவரே மாணவரைத் திருத்துவார். ஆனால் முதலில், ஆசிரியர் குழு ஏற்கெனவே மதிப்பிட்ட வேலையைத் திருத்திப் பழக வேண்டும். பிறகு சக மாணவர்களுடையது, கடைசியில் தன்னுடையது. எதைப் பார்த்து எத்தனை மதிப்பெண் என்று அளவுகோல் எழுதிக் கொடுக்கப்பட்டது. இதை ஆராய்ந்தபோது ஒன்று தெரியவந்தது: மாணவர்கள் தங்கள் நாட்டவரின் வேலைக்குச் சற்றே கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். யாருடைய வேலை என்று தெரியாதபோதும் இப்படி நடந்தது.

தன் வேலையைத் தானே திருத்துவதைக் கடைசியில் வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். பிறர் வேலையில் குறையைத் தேடிப் பழகிய கண், அடுத்த நொடியே தன் அட்டை மாதிரி மேல் விழுகிறது. மதிப்பெண் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால்கூட இந்தப் பயிற்சி வீண்போகாது.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்எக்ஸ் என்ற இன்னோர் இணையக் கல்வித் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்து பிலிப் குவோ குழுவினர் 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, மாணவர் கவனம் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. வெறும் ஸ்லைடைவிட, கையால் வரைந்துகொண்டே விளக்குவதை அதிக நேரம் பார்க்கிறார்கள். வடிவமைப்பு ஆசிரியருக்கு இது இயல்பாகவே கைவந்தது. கேமராவைத் தாள் மேல் திருப்பினால் போதும்.

திரையில் கடத்த முடியாதது எடையும் பிடிமானமும். பித்தளையும் பிளாஸ்டிக்கும் படத்தில் ஒரே பளபளப்பு. ஆகவே பாடத்திட்டத்தின் பிற்பகுதியில் மாணவரை வெளியே அனுப்பியாக வேண்டும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்கோ தச்சரிடமோ போய், இதைச் செய்ய முடியுமா, எந்த இடத்தை மாற்றினால் செலவு குறையும் என்று கேட்டு, பதிலை எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். 'இந்த வளைவுக்குள் டூல் போகாதுங்க' என்று பட்டறைக்காரர் சொன்னதும் மாணவர் வரைபடத்தை மறுபடி வரைய உட்காருவார். அந்த இரண்டாவது வரைபடத்துக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும்.